இடப்பக்கம் ஓடிய எஞ்சின்

அத்தியாயம் 5

"நான்தான் பண்ணேன்னு எழுதிக்கோங்க," என்றார் டெஸ்மண்ட். "டீயில பால் வேணுமா?"

இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். அகஸ்டா ரட் பால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சமையலறை நாற்காலியில் தன் கனத்த கோட்டோடு அப்படியே உட்கார்ந்தாள்.

அகஸ்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. பஸ் டிப்போவில் தொலைந்த பொருள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குடையைத் தொலைத்தவன் எப்படிக் கேட்பான், அடுத்தவன் குடையைத் தன்னுடையது என்பவன் எப்படிக் கேட்பான் என்று ஜன்னலுக்கு உள்ளே இருந்தபடியே சொல்லிவிடுவாள். எங்கள் மார்ல்பெக்கில் போலீஸ்காரர் கொட்டாவி விடுகிற விவகாரங்கள் எல்லாம் அவளிடம்தான் வரும். தானாக வராவிட்டால் நான் இழுத்துக்கொண்டு வருவேன். நான் ஹில்டா. டெஸ்மண்டின் பக்கத்து வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் மெல்லிய சுவர். அதனால் சில விஷயங்கள் என் காதில் விழுவதை என் தப்பு என்று சொல்ல முடியாது.

வசந்த காலத்தில் அவர் மனைவி ஐரீன் செத்துப்போனாள். அதற்குப் பிறகு அந்தச் சுவரில் எதுவுமே கேட்கவில்லை. அழுகைகூட இல்லை. முன்ஜன்னல் திரை வாரத்துக்கு ஒரு நாள், செவ்வாய்க்கிழமை மட்டும் விலகும். அன்றுதான் சவரம் செய்துகொள்வார், அன்றுதான் மாலையில் மாதிரி ரயில் கிளப்புக்குப் போவார். மற்ற ஆறு நாளும் அந்த வீடு பூட்டிய கடை மாதிரி கிடக்கும்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கும் வேட்டு வைக்கப் பார்க்கிறார்கள். இன்று சனிக்கிழமை. மாலை டீக்கு முன்னால் கிளப் குழு கூடி, டெஸ்மண்டை நீக்குவதா வேண்டாமா என்று கை தூக்கப்போகிறது. அடுத்தவர் எஞ்சினைக் கேட்காமல் ஓட்டி உடைத்தவருக்குக் கிளப்பில் இடமில்லை என்பது விதி. உடைந்ததோ தலைவர் பிக்கர்ஸ்டாஃபின் எஞ்சின். முழங்கை நீளத்தில் ஒரு கறுப்பு நீராவி எஞ்சின், பின்னால் நிலக்கரிப் பெட்டி. பதினோரு வருஷம் உட்கார்ந்து தன் கையால் செய்தது. பொம்மை என்று ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"எப்படி ஆச்சு டெஸ்மண்ட்?" என்றாள் அகஸ்டா.

"வியாழக்கிழமை மத்தியானம் போனேன். ஓட்டினேன். விழுந்துச்சு."

"எதுக்கு ஓட்டினீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "ஓட்டறதுக்குத்தானே இருக்கு."

"வருத்தமா இருக்கா?"

"இருக்கணும்," என்றார். "இன்னும் வரல."

"கிளப்பை விட்டு நீக்கிட்டா?"

"அப்புறம் போக வேண்டியதில்ல. அவ்ளோதான்."

"அவ்ளோதானா!" என்று நான் ஆரம்பித்தேன். மேஜைக்கு அடியில் அகஸ்டாவின் பூட்ஸ் என் கால்மேல் ஏறி நின்றது.

"எனக்கு ஒண்ணு சொல்லுங்க," என்றாள். "அந்த எஞ்சினை டிஜிட்டலா மாத்தினது நீங்கதானே? அப்படின்னா என்ன? இதோ, ஹில்டாவுக்கே புரியற மாதிரி சொல்லுங்க."

டெஸ்மண்ட் தன் டீயைப் பார்த்தார். அதில் ஏடு படிந்திருந்தது.

"பழைய எஞ்சினுக்குன்னு தனியா மூளை கிடையாது," என்றார் மெதுவாக. "தண்டவாளத்துல கரண்ட் விட்டா ஓடும், நிறுத்தினா நிக்கும். ரெண்டு எஞ்சின் ஒரே தண்டவாளத்துல நின்னா ரெண்டும் சேர்ந்து ஓடும். புதுசுல அப்படி இல்ல. தண்டவாளத்துல கரண்ட் எப்பவும் முழுசா இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளயும் ஒரு சிப். அதோட நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் அசையும்."

"சிப்பை வெச்சா போதுமா?"

"போதாது. பழைய எஞ்சின்ல மோட்டாரோட ஒரு பக்கம் அடிச்சட்டத்தையே தொட்டுட்டு இருக்கும். அதைப் பிரிச்சு விடணும். ஒரு மயிரிழை தொட்டாலும் சிப் எரிஞ்சுடும். சக்கரத்துலேருந்து ரெண்டு ஒயர் சிப்புக்கு, சிப்புலேருந்து ரெண்டு ஒயர் மோட்டாருக்கு. உள்ள இருக்கற ஈய எடையை அறுத்து சிப்புக்கு இடம் பண்ணணும். அப்புறம், எடுத்த எடுப்புல குதிக்காம மெதுவாக் கிளம்பற மாதிரி சொல்லிக் குடுக்கணும்."

அந்த வீட்டில் இத்தனை வார்த்தைகளை நான் ஒரே நாளில் கேட்டு ரொம்ப காலமாகிவிட்டது.

"அப்ப எந்தப் பக்கம் ஓடணும்னு யார் முடிவு பண்றது?" என்றாள் அகஸ்டா.

"முன்ன தண்டவாளம் முடிவு பண்ணும். எஞ்சினை எப்படித் திருப்பி வெச்சாலும் குமிழை வலப்பக்கம் திருகினா வலப்பக்கம் போகும். இப்ப எஞ்சினுக்கே தன் முகம் எதுன்னு தெரியும். வலப்பக்கம் திருகினா புகைபோக்கி எங்க பாக்குதோ அங்க போகும். இடப்பக்கம்னா பின்னாடி."

அதோடு குரல் அணைந்துவிட்டது. எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தார். நான் இன்னும் குடிக்காத கோப்பையையும் சேர்த்து.

வாசலில் தூறல். அகஸ்டா குடையை விரிக்காமல் நடந்தாள்.

"என்ன நெனைக்கிறே?" என்றேன்.

"தொலைச்சவங்க எல்லாரும் ஜன்னலுக்கு வந்து கேப்பாங்க ஹில்டா. கையுறை, குடை, பல் செட்டு. ஆனா சில பேர் டிப்போ வாசல் வரைக்கும் வந்து அப்படியே திரும்பிப் போவாங்க. அவங்க தொலைச்சது எப்பவும் பெருசாத்தான் இருக்கும்."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. நீ கேட்டே, சொன்னேன்."

கிளப் இருப்பது பழைய தேவாலயத்தின் பின்கட்டு ஹாலில். அறையின் நாலு சுவரையும் ஒட்டி இடுப்பு உயரத்தில் மேஜைப் பலகைகள். அவற்றின் மேல் மலை, சுரங்கம், நிலையம், ஆட்டுக்குட்டிகள், நிலையத்தில் வருஷக்கணக்காக ரயிலுக்குக் காத்திருக்கும் கட்டைவிரல் அளவு மனிதர்கள். கதவுக்கு நேரே மட்டும் ஒரு தூக்குப் பலகை. அதை இறக்கினால் தண்டவாளம் வட்டமாகச் சேரும், ஏற்றினால் ஆள் உள்ளே போகலாம்.

பிக்கர்ஸ்டாஃப் சாவியும் கையுமாக நின்றிருந்தார். கம்பளிக் கோட்டில் கிளப் சின்னம். சம்பவம் நடந்த இடத்துக்கு முன்னால் நீலக் கம்பளி நூலைக் குறுக்கே கட்டி வைத்திருந்தார்.

"ஒரு தூசியைக்கூட யாரும் தொடல," என்றார். "சுவத்து ஸ்விட்ச்சை அணைச்சேன், அவ்வளவுதான். பாத்துக்கோங்க அகஸ்டா. வெட்டவெளிச்சமா இருக்கு."

தூக்குப் பலகை மேலே ஏற்றியபடி நின்றது. அதற்குக் கீழே தரையில் எஞ்சின், குப்புற. புகைபோக்கி முறிந்து தனியாக உருண்டு கிடந்தது. முன்பக்கம் நசுங்கியிருந்தது. நான் என் போனில் நாலு படம் எடுத்தேன். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்கிற மாதிரி இருந்தது.

"பலகை ஏத்தியிருக்கு, பாத்தீங்களா?" என்றார் பிக்கர்ஸ்டாஃப். "இங்க நாங்க யாருமே இதை ஏத்த மாட்டோம். குனிஞ்சு புகுந்து போறதுதான் எங்க வழக்கம். எண்பது வயசு ஆளும் குனிவார். டெஸ்மண்டுக்கு மட்டும் முட்டி மடங்காது. அவருக்குத்தான் பலகையை ஏத்தணும். ஏத்தினார், இறக்க மறந்தார், ஓட்டினார், போச்சு!"

"பலகை ஏறியிருந்தா கரண்ட் தானா நிக்கற மாதிரி பண்ண முடியாதா?" என்றேன்.

"அதுக்கு ஒரு துணைக்குழு போட்டிருக்கோம்."

"எப்ப போட்டீங்க?"

"ரெண்டு வருஷம் ஆகுது. நல்லபடியாப் போயிட்டு இருக்கு."

அகஸ்டா இதற்குள் நிலையத்துக்கு முன்னால் போய்விட்டாள். கன்ட்ரோலர் அங்கேதான் இருந்தது. நடுவில் ஒரு பெரிய குமிழ், அதில் வெள்ளைக் கோடு. நடுவில் நின்றால் ஓய்வு, இடமோ வலமோ திருகினால் ஓட்டம். வெள்ளைக் கோடு வலது கோடியில் நின்றது. அதற்கு மேல் திருக முடியாது.

"செவ்வாய்க்கிழமை எஞ்சின் எப்படி நின்னுது?"

"இதே பிளாட்பாரத்துல. முகம் கதவைப் பாத்து. எல்லாரும் பாத்தோம்."

கதவு எங்களுக்கு இடப்பக்கம். வலப்பக்கம் சுரங்கம். அகஸ்டா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அலமாரியில் இருந்த ஒரு சின்னப் பச்சை எஞ்சினைக் காட்டினாள்.

"இது யாரோடது?"

"செயலாளரோடது. அதுவும் டிஜிட்டல்தான். நான் அந்தக் கருமத்தைக் கையால தொட்டதில்ல. எல்லாரும் ஓட்டுப் போட்டு மாத்துனாங்க. எதிர்த்து ஒரு கைதான் தூக்கிச்சு, இந்தக் கை. மாத்தலைன்னா கண்காட்சியில என் எஞ்சின் ஓடாதுன்னுட்டாங்க. குடுத்தேன். வயித்தைக் கிழிச்சு என்னத்தையோ வெச்சுத் தெச்சுக் குடுத்தார் டெஸ்மண்ட். அன்னிக்கே செத்துப்போச்சு அது. வியாழக்கிழமை நடந்தது அடக்கம்."

"ஓட்டத் தெரியாதுன்னா பரவாயில்ல," என்றாள் அகஸ்டா. "வேற யாரையாவது கூப்பிடறேன்."

பிக்கர்ஸ்டாஃபின் காது சிவந்தது. "தெரியாதா? நான் தலைவர் ஆனப்ப இவங்க பாதிப் பேர் அரை டவுசர் போட்டுட்டு இருந்தாங்க. பலகையை இறக்கு ஹில்டா!"

இறக்கினேன். அகஸ்டா பச்சை எஞ்சினைப் பிளாட்பாரத்தில் வைத்தாள், முகம் கதவைப் பார்த்து. குமிழை நடுவுக்குக் கொண்டுவந்து, அதன் பக்கவாட்டில் இருந்த நம்பரைக் கன்ட்ரோலரில் அழுத்தினாள். சுவர் ஸ்விட்ச்சைப் போட்டாள்.

"சுரங்கத்துக்கு அனுப்புங்க, பாப்போம்."

பிக்கர்ஸ்டாஃப் குமிழை வலப்பக்கம் திருகினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினார். எஞ்சின் சோம்பலாக அசைந்தது, கதவை நோக்கி.

"ஏய்! அங்க இல்ல! இந்தப் பக்கம்!" என்று இன்னும் வலப்பக்கம் முறுக்கினார். அது இன்னும் வேகமாகக் கதவுப் பக்கம் ஓடியது. "சனியனே! நில்லு!" மறுபடி முறுக்கினார். வெள்ளைக் கோடு வலது கோடியில் போய் நின்றது. பச்சை எஞ்சின் நான் இறக்கிய பலகையின் மேல் தடதடவென்று ஓடி, அறையைச் சுற்றி வந்து, சுரங்கத்தின் பின்வாசல் வழியாக நுழைந்தது. அகஸ்டா ஸ்விட்ச்சை அணைத்தாள்.

சுரங்கத்துக்குள் எங்கேயோ எஞ்சின் நின்றுகொண்டிருந்தது.

"ஓட்டினது பழைய முறையில பழகின கை," என்றாள் அகஸ்டா. "சுரங்கத்துக்கு அனுப்ப நெனச்சு வலப்பக்கம் திருகியிருக்கு. அது எதிர்ப்பக்கம் ஓடவும், இழுத்துப் பிடிக்கறதுக்காக இன்னும் வலப்பக்கம் திருகியிருக்கு. காப்பாத்தப் பாத்துத்தான் தள்ளிவிட்டிருக்கு. அந்தச் சிப்பை வெச்ச ஆளே இந்தத் தப்பைப் பண்ண மாட்டார். டெஸ்மண்ட் இல்ல."

எனக்குள் மணி அடித்தது. "அப்ப நீங்கதான்!" என்று விரலை நீட்டினேன். "இந்த மார்ல்பெக்லயே புதுசைத் தொடாத கை உங்க கை ஒண்ணுதான். நீங்களே சொன்னீங்க!"

பிக்கர்ஸ்டாஃப் மூச்சுத் திணறினார். "நானா? என் எஞ்சினையா? வியாழக்கிழமை மத்தியானம் நான் பல் டாக்டர்கிட்ட வாயைப் பொளந்துட்டு இருந்தேன்!"

அடக் கடவுளே, ஆமாம். கன்னம் வீங்க அவர் உள்ளே போனதை நானே பார்த்தேன். எனக்குப் பல்வலி எதுவும் இல்லை. அந்தக் காத்திருக்கும் அறையில் கணப்பு நன்றாக எரியும், பத்திரிகைகளும் புதுசு. விரலை மடக்கிக்கொண்டேன்.

"உங்க துப்பறியும் கம்பெனியில ஆளைக் குறைக்கலாம் அகஸ்டா," என்றார் அவர்.

"சம்பளம் குடுத்தாத்தானே குறைக்கறதுக்கு," என்றேன்.

அகஸ்டா எதையும் காதில் வாங்கவில்லை. "உங்க வீட்டுப் பரண்ல ஒரு ரயில் பாதை இருக்காமே?"

"இருக்கு. பழைய முறை. சுத்தமான முறை."

"தனியாவா ஓட்டுவீங்க?"

"தனியா எப்படி? விரைவு வண்டி நான். அந்தக் கோடியில மெதுவாப் போற சரக்கு வண்டியை மார்ஜரி பாத்துப்பா." மனைவி பெயரைச் சொன்னதும் கையை வீசினார். "பாத்துப்பான்னா, ஓட்டறதுன்னு இல்ல. நான் சொன்னாக் குமிழைத் திருகுவா. அவ்வளவுதான்."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணம் ஆனதிலேருந்து."

சொல்லிவிட்டு மறுபடி சுரங்கத்துக்குள் எட்டிப் பார்த்து, செயலாளரின் எஞ்சினை எப்படி வெளியே எடுப்பது என்று ஆராய ஆரம்பித்தார். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை. நான் தூக்குப் பலகையைப் பார்த்தேன். குனிந்து நுழைய முடியாதவர் டெஸ்மண்ட் ஒருவர்தான் என்று யார் சொன்னது? மார்ஜரியின் டீத் தள்ளுவண்டியும் குனியாது.

"அகஸ்டா," என்றேன் ரகசியமாக.

"தெரியும். நீ வாயைத் திறக்காம வா."

ஹாலுக்குப் பின்னால் சமையலறை. மார்ஜரி பிக்கர்ஸ்டாஃப் அங்கே நின்று பன்னை அறுத்து வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். வெந்நீர் அண்டா சீறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தள்ளுவண்டி, அதில் கோப்பைகள் வரிசையாக. அந்தக் கிளப்பில் அத்தனை வருஷமாக டீ போடுகிறாள். கிளப்பில் சேருகிறாயா என்று அவளை ஒருத்தரும் கேட்டதில்லை, அவளும் கேட்டதில்லை.

அகஸ்டா இன்னொரு கத்தியை எடுத்துத் தானும் வெண்ணெய் தடவ ஆரம்பித்தாள். மூன்று பன் ஆன பிறகு கேட்டாள். "எந்தப் பக்கம் திருகினே மார்ஜரி?"

மார்ஜரியின் கத்தி நிற்கவில்லை. "வலப்பக்கம்."

"அது இடப்பக்கம் ஓடிச்சு."

"ஓடிச்சு." பன்னை மூடித் தட்டில் வைத்தாள். "மூணு வாரமா வீட்ல பேச்சே இல்ல அகஸ்டா. எஞ்சினோட வயித்தைக் கிழிக்கக் குடுத்த அன்னிக்கு, 'கொன்னுட்டாங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னார். அதுக்கப்புறம் உப்பு வேணும்னாக்கூட எட்டி எடுத்துப்பார். கேக்க மாட்டார். நான் ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டுப் போய், சாகல, நல்லாத்தான் இருக்குன்னு சொல்லலாம்னு நெனச்சேன். மத்தவங்க சொன்னா நம்ப மாட்டார். நான் சொன்னா ஒருவேளை."

"வியாழக்கிழமை."

"கண்காட்சிக்குக் கோப்பை எல்லாம் கழுவணும்னு வந்தேன். அதெல்லாம் உள்ள இருந்துச்சு. வண்டியை உள்ள தள்ளிட்டுப் போனேன். எஞ்சின் நின்னுட்டு இருந்துச்சு. திருகினேன், அசையல. இன்னும் திருகினேன், அசையல. அப்புறம் கிளம்பினா எதிர்ப்பக்கம் போகுது. புத்திக்குத் தெரிஞ்சுது, ஏதோ தப்புன்னு. இந்தக் கைக்குத் தெரியல. வலப்பக்கம் இழுக்கணும்னா வலப்பக்கம் திருகித்தான் இதுக்குப் பழக்கம்."

"டெஸ்மண்ட் எப்ப வந்தார்?"

"ஒயர் பத்தவைக்கற சூட்டுக்கோலை மறந்து வெச்சுட்டுப் போயிருந்தாராம், எடுக்க வந்தார். நான் தரையில உக்காந்திருந்தேன். ஒண்ணும் கேக்கல. 'வீட்டுக்குப் போங்க மார்ஜரி, எனக்கு இதனால எதுவும் ஆகாது'ன்னார். கோட்டை எடுத்து மாட்டிவிட்டார். வண்டியைக்கூட அவரே வெளிய தள்ளினார்."

"நீயும் போயிட்டே."

"போயிட்டேன். எதுவும் ஆகாதுன்னு அவரே சொன்னாரே."

அதுவரை அகஸ்டாவுக்குக் கட்டுப்பட்டு நின்ற என் வாய் இப்போது திறந்துகொண்டது. "அந்த மனுஷன் வாரத்துல ஒரு நாள்தான் திரையை விலக்கறார் மார்ஜரி. செவ்வாய்க்கிழமை. அன்னிக்குத்தான் மூஞ்சி கழுவறார். இன்னிக்கு இவங்க கையைத் தூக்கிட்டா அந்தத் திரை அப்புறம் விலகாது. அடுத்த வீட்ல இருந்து நான்தான் பாத்துட்டு இருக்கணும்."

மார்ஜரி என்னைப் பார்த்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. எட்டு மாதமாக எனக்குப் பழகிப்போன முகம்தான் அது, பக்கத்து வீட்டில் பார்த்துப் பார்த்து.

"நான் சொன்னா இவர் என்கூட ஜென்மத்துக்கும் பேச மாட்டார்," என்றாள்.

"நான் உள்ள போய் யார் பேரையும் சொல்லப்போறதில்ல," என்றாள் அகஸ்டா. கத்தியைத் துடைத்து வைத்தாள். "அது என் வேலை இல்ல."

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "பைத்தியமா உனக்கு? அவ சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா டெஸ்மண்ட் தோத்துப்போவார். நான் போட்டுக்குடுத்துட்டா மார்ஜரி தோத்துப்போவா. எதுன்னு அவதான் முடிவு பண்ணணும்."

குழு கூடியது. பலகைகளுக்கு நடுவே மடக்கு மேஜை போட்டு ஆறு பேர். டெஸ்மண்ட் ஒரு ஓரத்தில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் செய்தித்தாளை விரித்து, உடைந்த எஞ்சினையும் புகைபோக்கியையும் வைத்திருந்தார்கள். எல்லாரும் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள்.

"அகஸ்டா விசாரிச்சிருக்காங்க," என்றார் பிக்கர்ஸ்டாஃப். "சொல்லுங்க."

"டெஸ்மண்ட் இல்ல. அதுக்கு மேல சொல்ல மாட்டேன்."

"நான்தான்," என்றார் டெஸ்மண்ட்.

"நீங்க இல்ல."

"நான்தான்னு சொல்றேனே."

குற்றவாளி தன் குற்றத்துக்காக வாதாடுவதை முதல் தடவை பார்த்தேன். செயலாளர் இருமினார். பிக்கர்ஸ்டாஃப் இரண்டு கையையும் விரித்தார். "ஒத்துக்கற ஆளை வெச்சுக்கிட்டு நான் வேற யாரைத் தேடறது? டெஸ்மண்ட் கிளப்பை விட்டுப் போகணும்ங்கறவங்க கை தூக்குங்க."

முதல் கை அவருடையது. அப்புறம் ஒன்று. அப்புறம் இன்னொன்று, பாதி உயரத்துக்கு. செயலாளர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மெதுவாகக் கையை எடுத்தார். டெஸ்மண்ட் மழையைப் பார்க்கிற மாதிரி அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அகஸ்டாவைப் பார்த்தேன். அவள் தன் பூட்ஸைப் பார்த்தாள்.

கதவுப் பக்கம் சக்கரச் சத்தம். கோப்பைகள் கிணுகிணுத்தன. தள்ளுவண்டி தூக்குப் பலகைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"கையை இறக்குங்க எல்லாரும்," என்றாள் மார்ஜரி. "நான்தான் ஓட்டினேன்."

ஒரு கையும் இறங்கவில்லை. இறக்க மறந்துபோய்விட்டது அவர்களுக்கு.

"உனக்கு ஓட்டத் தெரியாது மார்ஜரி," என்றார் பிக்கர்ஸ்டாஃப்.

மூன்று வாரத்தில் அவர் தன் மனைவியிடம் பேசிய முதல் வார்த்தை அது. அந்த அறையில் அது தெரிந்தது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான்.

"நாப்பத்தோரு வருஷமா உங்க சரக்கு வண்டியை யார் ஓட்டறாங்களாம்?" என்றாள். சத்தம் போடவில்லை. "ஒரு தடவையாவது தடம் புரண்டிருக்கா? உங்க விரைவு வண்டி எத்தனை தடவை பரண்லேருந்து படிக்கட்டுல விழுந்துச்சுன்னு இவங்களுக்குச் சொல்லட்டுமா?"

கைகள் மளமளவென்று இறங்கின. பிக்கர்ஸ்டாஃப் ஒரு தலைவர் என்ன செய்வாரோ அதைச் செய்தார், விதியைத் தேடினார். மெம்பரை நீக்க விதி உண்டு. மெம்பரே இல்லாதவரை எதிலிருந்து நீக்குவது? செயலாளர் ஒரு துணைக்குழு போடலாம் என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கைக்குச் சொல்லவும் இல்லை.

"அப்ப டெஸ்மண்ட்?" என்றேன்.

"டெஸ்மண்ட் இருக்கட்டும்," என்றார் பிக்கர்ஸ்டாஃப் தரையைப் பார்த்தபடி. "அவர் மேல தப்பில்ல."

டெஸ்மண்டிடம் ஒரு மாற்றமும் இல்லை. போகச் சொன்னால் போயிருப்பார், இருக்கச் சொன்னதால் இருந்தார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இதற்காகவா காலையிலிருந்து நனைந்தோம்?

பிக்கர்ஸ்டாஃப் எஞ்சினைக் கையில் எடுத்தார். நசுங்கிய முன்பக்கத்தைத் தடவினார். எங்காவது அந்தக் கோபம் இறங்கியாக வேண்டும், மனைவியிடம் இறக்க முடியவில்லை. நிலக்கரிப் பெட்டியின் மூடியை நகத்தால் நெம்பினார். உள்ளே மெல்லிய ஒயர்கள் தெரிந்தன. "எல்லாம் இந்தக் கருமத்தால வந்தது," என்று அவற்றை விரலில் சுற்றி இழுக்கப் போனார். "இதைப் பிடுங்கி எறிஞ்சுட்டு..."

"கையை எடுய்யா!"

நான் திடுக்கிட்டுப் பக்கத்து நாற்காலியைத் தட்டிவிட்டேன். யார் கத்தியது என்று புரியவே ஒரு நொடி ஆயிற்று. டெஸ்மண்ட் எழுந்து நின்றிருந்தார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

"இழுத்தா ஒயர் சட்டத்துல படும். அப்புறம் ஸ்விட்ச்சைப் போட்டா எல்லாம் எரியும். ரெண்டு வாரம் உக்காந்து பிரிச்சிருக்கேன் அதை. குடுங்க இங்க. குடுங்கன்னு சொல்றேன்ல!"

பிக்கர்ஸ்டாஃப் கொடுத்தார். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் கொடுத்திருப்பார்கள். டெஸ்மண்ட் எஞ்சினைச் செய்தித்தாளில் மல்லாத்தி வைத்து, சக்கரத்தை ஒரு விரலால் சுழற்றிப் பார்த்தார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் எறிந்தார்.

"மார்ஜரி," என்றார் தலை நிமிராமல். கோபம் இன்னும் குரலில் இருந்தது. "கிளம்பறப்ப இழுத்துச்சா? திக்கித் திக்கிப் போச்சா?"

"இல்ல," என்றாள் மார்ஜரி. பதில் டெஸ்மண்டுக்கு, பார்வை கணவர் மேல். "இவ்வளவு மெதுவா அது ஓடி நான் பாத்ததே இல்ல. சக்கரம் ஒவ்வொண்ணாச் சுத்தறது தெரிஞ்சுது. விழற வரைக்கும் நல்லா ஓடிச்சு."

பிக்கர்ஸ்டாஃப் நாற்காலியை மார்ஜரி பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"எவ்வளவு மெதுவா?" என்றார்.

"யாராவது அந்த விளக்கை இப்படித் திருப்புங்க," என்றார் டெஸ்மண்ட். "எனக்குக் கண்ணு தெரியல."

தலைவரே எழுந்து போய்த் திருப்பினார். அவர் பிடித்த கோணம் சரியில்லை என்று அதற்கும் திட்டு வாங்கினார்.